எலும்பு முறிந்தபோது விதிகளை மாற்றினார்கள்

1905-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். அமெரிக்காவில் கால்பந்து ஆடப் போன பிள்ளைகள் சிலர் வீடு திரும்பவில்லை. அந்நாளைய அமெரிக்கக் கால்பந்தில், பந்தை ஏந்தியவனைச் சுற்றி அவன் அணியினர் கைகோத்துக்கொண்டு ஒரே திரளாக எதிரணிமேல் பாய்வார்கள். தலைக்கவசம் கட்டாயமில்லை. விழுந்தவன்மேல் பத்துப் பேர் விழுவார்கள். பள்ளி, கல்லூரி, உள்ளூர் அணிகள் எல்லாம் சேர்த்து அந்த ஒரு பருவத்தில் மட்டும் குறைந்தது 18 பேர் இறந்ததாக சிகாகோ டிரிப்யூன் நாளேடு கணக்கெடுத்து வெளியிட்டது.

குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்த ஆட்டத்தை நேசித்தவர். அவருடைய மகனே ஹார்வர்டின் முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை அந்த அக்டோபரில் அவர் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆண்டு முடிவதற்குள் 60-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் நியூயார்க்கில் கூடின. அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்த சங்கம்தான் 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்ற பெயரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகித்துவருகிறது. 1906-இல் ஆட்ட விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. இரு அணிகளுக்கும் நடுவே இடைவெளி கட்டாயமானது. பந்தைத் தக்கவைத்துக்கொள்ள 5 கஜத்துக்குப் பதிலாக 10 கஜம் முன்னேற வேண்டும் என்றானது. அப்போதும் சாவு நிற்கவில்லை. 1909-இல் மீண்டும் மரணங்கள் நேர்ந்தன. 1910-இல் மீண்டும் கூடி, கைகோத்துத் தள்ளுவதையே தடை செய்தார்கள்.

இந்த வரலாற்றை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. எலும்பு முறிந்தபோது, இன்னும் உறுதியான எலும்போடு வாருங்கள் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதோடு அந்தத் தலைமுறை நின்றுவிடவில்லை. ஆட்டத்தைத் திருத்தியது. போதாதபோது மறுபடியும் திருத்தியது. இன்று அதே கல்லூரிகளில் மனம் முறிகிறது. 2002 முதல் 2022 வரையிலான 20 ஆண்டுகளில் என்.சி.ஏ.ஏ. விளையாட்டு மாணவர்களிடையே நேர்ந்த 1,102 மரணங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 128 தற்கொலை என்று கண்டார்கள். முதல் பத்தாண்டில் மொத்த மரணங்களில் 7.6 விழுக்காடாக இருந்த தற்கொலை, அடுத்த பத்தாண்டில் 15.3 விழுக்காடாகி, ஏறத்தாழ இரட்டிப்பானது. மற்ற மாணவர்களைவிட விளையாட்டு மாணவர்களே அதிகம் இப்படி இறக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால், உடல் திடமாக இருப்பவர்களுக்கு மனமும் திடமாகவே இருக்கும் என்று காலங்காலமாக நாம் வைத்திருந்த நம்பிக்கை தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த நெருக்கடிக்கு விடையாகக் கல்லூரிகள் இன்று முன்வைக்கும் வழிகளில் மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் மனவிழிப்புப் பயிற்சிக்கு முக்கிய இடம் உண்டு. அது நல்ல பயிற்சி. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் அதை யாருக்காக, எதற்காகத் தருகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அந்தத் தெளிவைப் பெற, அது வந்த வழியைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விளையாட்டு வீரனின் மனத்தை ஆராயும் முயற்சி கல்லூரியில்தான் வேர்விட்டது. 1925-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் என்ற உளவியலாளர் விளையாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை அமைத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அப்பல்கலைக்கழக மாணவன் ரெட் கிரேஞ்ச், மிச்சிகன் அணிக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தின் முதல் 12 நிமிடங்களில் நான்கு டச்டவுன் எடுத்து நாட்டையே வியக்கவைத்திருந்தான். அந்த ஓட்டங்களைப் பற்றி கிரிஃபித் கேட்டபோது, கிரேஞ்சால் விவரம் எதையும் நினைவுகூர முடியவில்லை. நன்றாகப் பழகிய உடல், தான் செய்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டிருப்பதில்லை என்று கிரிஃபித் உணர்ந்தார். திறமையின் உச்சத்தில் மனம் எப்படி இருக்கிறது என்பது அன்று எழுந்த கேள்வி. ஆட்டம் முடிந்தபின் அந்த மனத்துக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. 1932-இல் அந்த ஆராய்ச்சிக்கூடமும் மூடப்பட்டது.

பிறகு வந்த பத்தாண்டுகளில் பார்வை இன்னும் குறுகியது. 1966-இல் சான் ஹோசே கல்லூரியைச் சேர்ந்த ப்ரூஸ் ஓகில்வி, தாமஸ் டட்கோ என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய நூல் பயிற்சியாளர்களிடையே பெரிதும் பேசப்பட்டது. சிக்கலான விளையாட்டு வீரர்களும் அவர்களைக் கையாளும் முறையும் என்பது அதன் தலைப்பின் பொருள். துன்பப்படும் மாணவன் அங்கே பயிற்சியாளரின் சிக்கலாகவே வந்து நின்றான். 1970-களிலும் 80-களிலும் மனத்திறன் பயிற்சிகள் பெருகின. வெற்றியை மனக்கண்ணில் காண்பது, தன்னிடம் தானே தெம்பாகப் பேசுவது, பதற்றத்தைத் தணிப்பது, கெட்ட எண்ணத்தை விரட்டுவது என்று அவை விரிந்தன. பலருக்குப் பலனும் தந்தன. ஆனால் எண்ணத்தை அடக்க வேண்டும் என்பதே அவற்றில் பலவற்றின் அடிப்படை.

எண்ணம் அப்படி அடங்குவதில்லை. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று சொன்னால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அதையே 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சோதனையாகச் செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். அவர்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது. தடை நீங்கியபின் இன்னும் அதிகமாக வந்தது. கூடைப்பந்தில் கடைசி விநாடியில் ஃப்ரீ த்ரோ எறிய நிற்கும் மாணவியிடம், தவறவிடுவோமோ என்று நினைக்காதே என்றால் நேர்வதும் இதுதான்.

எண்ணத்தோடு மல்லுக்கு நிற்காத வேறொரு வழி, விளையாட்டோடு தொடர்பே இல்லாத இடத்திலிருந்து வந்தது. அந்த வழியில் நமக்கு அருகிலுள்ள ஊர் ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, இலங்கையில் துறவு பூண்டு, இரண்டாம் உலகப் போரின்போது தியத்தலாவையிலும் பின்பு டேராடூனிலும் ஆங்கிலேயரின் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த ஞானபோனிக தேரர், போருக்குப்பின் கண்டியில் ஒரு வனக்குடிலில் வாழ்ந்தார். பௌத்த தியானத்தின் இதயம் என்று பொருள்படும் அவருடைய ஆங்கில நூல் 1954-இல் கொழும்பில் வெளியானது. மூச்சையும் உடலையும் உணர்ச்சியையும் எண்ணத்தையும் உள்ளபடி கவனிக்கும் சதிபட்டான முறையை மேற்குலகுக்கு எளிமையாக விளக்கிய நூல் அது. பர்மாவிலும் தாய்லாந்திலும் இந்தியாவிலும் தியானம் பயின்று திரும்பிய அமெரிக்க இளைஞர்கள் 1970-களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பேரி என்ற சிற்றூரில் ஒரு தியான மையம் தொடங்கினார்கள். அவ்விரு ஊற்றுகளிலும் அருந்தியவர் ஜான் கபாட் ஜின்.

அவர் மூலக்கூறு உயிரியல் படித்தவர். 1979-இல், வூஸ்டர் நகரிலிருந்த மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் வந்தவர்கள் தீராத முதுகுவலியும் தலைவலியும் கொண்ட நோயாளிகள். மருத்துவர்களால் இனி செய்வதற்கு அதிகம் இல்லை என்று அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்ததன் சாரம் சிறியது. வலி ஒன்று, வலியைப் பற்றி மனம் சொல்லும் கதை இன்னொன்று. முன்னதை நீக்க முடியாத நாளிலும் பின்னதை நின்று பார்க்க முடியும்.

இந்தப் பாடம் அங்கிருந்து நேரே படகுக்குப் போனது. 1984 ஒலிம்பிக்கிற்குத் தயாரான அமெரிக்கத் துடுப்புப் படகு வீரர்களுக்கும் கல்லூரி வீரர்களுக்கும் கபாட் ஜின் பயிற்சி அளித்தார். 1985-இல் கோபன்ஹேகனில் கூடிய உலக விளையாட்டு உளவியல் மாநாட்டில் அந்த அனுபவத்தை அவரும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்தார்கள். கல்லூரி அணி, தன் அனுபவத்துக்கும் உடல்வலுவுக்கும் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தது என்று அதன் பயிற்சியாளர் சொன்னார். ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்கள், போட்டிக்குத் தயாராக இது உதவியது என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் மனவிழிப்புப் பயிற்சி விளையாட்டுக்குள் அடியெடுத்து வைத்ததே கல்லூரி மாணவர்களோடுதான்.

ஏன் படகு என்று யோசித்தால் காரணம் புரியும். எட்டுப் பேர் துடுப்பிடும் படகில் வீரர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பார்கள். முடிவுக்கோடு அவர்கள் கண்ணில் படாது. 2,000 மீட்டர், ஏறத்தாழ ஆறு நிமிடம். முதல் 500 மீட்டர் உற்சாகத்தில் போய்விடும். கடைசி 500 மீட்டரை ஆவேசம் இழுத்துக்கொண்டு போகும். மூன்றாவது 500-இல்தான் தொடை எரியும், மூச்சு திணறும், இன்னும் எவ்வளவு தூரம் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியின் பின்னால் போகிறவனின் துடுப்பு அரை நொடி பிந்தினால் எட்டுப் பேரின் தாளமும் கெடும். எரிச்சலை எரிச்சலாக மட்டும் அறிந்து, கவனத்தை அடுத்த இழுப்பின் மூச்சுக்குக் கொண்டுவரத் தெரிந்தவன் தாளத்தோடு நிற்பான். முதுகுவலிக்காரர் கற்ற அதே பாடம்தான் இது.

இந்தப் பயிற்சியின் இரு முகங்களையும் ஒரே வாழ்க்கையில் கண்டவர் ஜார்ஜ் மம்ஃபோர்டு. பாஸ்டனில் வளர்ந்த கறுப்பின இளைஞர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடச் சென்றார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜூலியஸ் எர்விங் அங்கே அவருடைய அறைத்தோழர். காயங்கள் மம்ஃபோர்டின் ஆட்டத்தை முடித்தன. வலிநிவாரணி மாத்திரைகள் போதைக்கும், போதை ஹெராயினுக்கும் இட்டுச் சென்றன. அதிலிருந்து மீளும் வழியில் அவர் கபாட் ஜின்னின் பயிற்சியை வந்தடைந்தார். பிறகு சிறைக் கைதிகளுக்குக் கற்பித்தார். 1993-இல் மைக்கேல் ஜோர்டன் திடீரென ஓய்வு பெற்றுக் குலைந்து நின்ற சிகாகோ புல்ஸ் அணிக்கு, அதன் பயிற்சியாளர் பில் ஜாக்சன் மம்ஃபோர்டை அழைத்துவந்தார். அந்த அணி பிறகு வென்ற கோப்பைகளை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் மம்ஃபோர்டுக்கு அந்தப் பயிற்சி முதலில் தந்தது உயிரை. கல்லூரி விளையாட்டில் உடைந்த ஒருவரை அது மீட்டெடுத்தது. கோப்பை அதற்குப் பின்பு வந்தது. அந்த வரிசையை நாம் மறந்துவிடக் கூடாது.

2000-களில் இம்முறை ஒழுங்கான பாடத்திட்டமாக உருப்பெற்றது. உளவியலாளர்கள் ஃபிராங்க் கார்ட்னரும் ஸெல்லா மூரும், எண்ணங்களை ஏற்று, தான் மதிப்பவற்றில் உறுதியாக நின்று செயல்படும் முறை ஒன்றை வீரர்களுக்காக வகுத்தார்கள். வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கீத் காஃப்மனும் கேரல் கிளாசும் வகுத்த திட்டம், மாணவர்களை அமர்வதிலிருந்து ஓட்டத்துக்கு அழைத்துச் செல்கிறது. முதலில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிறார்கள். பிறகு படுத்து, உடலைப் பகுதி பகுதியாக உணர்கிறார்கள். அடுத்து யோகா, பிறகு நடை. இறுதியில் ஓட்டக்காரர் ஓடிக்கொண்டும் வில்லாளர் நாணை இழுத்துக்கொண்டும் அதே கவனத்தைப் பழகுகிறார்கள். கவனம் நழுவினால் குற்றமில்லை. நழுவியதை அறிந்து திரும்பக் கொண்டுவருவதே பயிற்சி.

2017-இல் மயாமி பல்கலைக்கழகத்தில் அமிஷி ஜாவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அமெரிக்கக் கால்பந்து ஆடும் 100 கல்லூரி வீரர்களை, பருவத்துக்கு முந்தைய கடும் பயிற்சிக் காலத்தில் நான்கு வாரம் ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மனவிழிப்பு, மற்றவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி. அந்த நான்கு வாரத்தில் மாணவர்களின் கவனத்திறன் குறைந்துகொண்டே போனது. மனவிழிப்பை ஊன்றிப் பழகியவர்களுக்கு அந்தச் சரிவு குறைவாக இருந்தது. மனநலத்தைப் பொறுத்தவரை, இரண்டில் எதைச் செய்தாலும் விடாமல் செய்தவர்களுக்கு நன்மை இருந்தது. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒருநாள் பட்டறையால் பயனில்லை, பழக்கமே பலன். இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை: கடும் பயிற்சியே மாணவர்களின் மனத்தைத் தேய்க்கிறது. தியானம் அந்தத் தேய்மானத்தைக் குறைத்ததே தவிர, தேய்க்கும் காரணத்தை நீக்கவில்லை. 60-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பாய்வும் பலன்கள் தெரிவதாகச் சொல்லி, அந்த ஆய்வுகளின் தரம் போதாது என்றும் எச்சரித்தது.

தேய்க்கும் காரணம் என்ன? விடை கல்லூரி விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் போட்டி, 1852-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஏரி ஒன்றில் ஹார்வர்டும் யேலும் மோதிய படகுப் பந்தயம். அதற்கான செலவை ஏற்றது ஒரு ரயில் நிறுவனம். பயணிகளை ஏரிக்கரைக்கு இழுக்க அதற்கு மாணவர்கள் வேண்டியிருந்தார்கள். இன்று ரயிலின் இடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது. 2024-இல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் அட்லாண்டிக் கரைக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் சேர்ந்தன. பசிஃபிக் கரையில் படிக்கும் மாணவி ஆட்டத்துக்காக நாட்டின் மறுகோடிக்குப் பறக்கிறாள். மூன்று மணி நேரக் கடிகார வேறுபாட்டைக் கடந்து திரும்பி, மறுநாள் தேர்வு எழுதுகிறாள். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குமேல் பயிற்சி கூடாது என்று 1991 முதல் விதி இருக்கிறது. பயண நேரமும் காயத்துக்கான சிகிச்சை நேரமும் தாமாகச் செய்வதாகச் சொல்லப்படும் பயிற்சியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. முதல் நிலைக் கல்லூரிகளின் மாணவர்கள் 30 மணி நேரத்துக்கும் மேல் விளையாட்டுக்குச் செலவிடுவதாக என்.சி.ஏ.ஏ.-வின் ஆய்வுகளே காட்டுகின்றன.

என்.சி.ஏ.ஏ. ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2013-இல் அதன் முதல் தலைமை மருத்துவ அலுவலர் பொறுப்பேற்றார். 2016-இல் மனநலத்துக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2019-இல் பெரிய ஐந்து கூட்டமைப்புகள் தம் மாணவர்களுக்கு மனநலச் சேவை கிடைக்கச் செய்வதைக் கட்டாயமாக்கின. இவை நல்ல தொடக்கம். 1906-உம் நல்ல தொடக்கம்தான். நான்கு ஆண்டுக்குப் பின் அது போதவில்லை என்று ஒப்புக்கொண்டதே அந்தத் தலைமுறையின் பெருமை.

ஆகவே சில செய்திகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனவிழிப்புப் பயிற்சிக்கான நேரம் அந்த 20 மணிக்குள் வர வேண்டும். ஏற்கெனவே நிரம்பிய நாளில் இன்னொரு கடமையாக ஏறக் கூடாது. அது விரும்பிச் செய்வதாக இருக்க வேண்டும். அங்கே மாணவி சொல்வது பயிற்சியாளரின் காதுக்குப் போகாது என்ற உறுதி வேண்டும். போகும் என்று தெரிந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். கற்பிப்பவர் முறையாகப் பழகியவராக இருக்க வேண்டும். கடும் மனச்சோர்விலும் பழைய அதிர்ச்சியிலும் இருப்பவர்களுக்குக் கண்மூடி அமர்வது சில வேளைகளில் துன்பத்தைக் கூட்டும். அவர்களுக்கு மனநல மருத்துவர் வேண்டும், தேவையானால் மருந்து வேண்டும். மூச்சுப் பயிற்சி மருத்துவத்துக்கு மாற்றாகாது. இவற்றோடு பயண அட்டவணையும் ஓய்வு நாளும் திருத்தப்பட வேண்டும்.

பயிற்சியின் நோக்கத்திலும் முன்பின் சரியாக இருக்க வேண்டும். கல்லூரி வீரர்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவர்களுக்கு 22 வயதில் ஆட்டம் முடிந்துவிடும். அதுவரை வீராங்கனை என்ற ஒரே அடையாளத்தோடு வாழ்ந்தவள், மறுநாள் காலை தான் யார் என்று தேட வேண்டியிருக்கும். வெற்றிக்கான கருவியாக மட்டும் தியானத்தைப் பெற்றிருந்தால் வெற்றியோடு அதுவும் போய்விடும். தன் மனத்தைத் தானே பகையின்றிப் பார்க்கக் கற்றிருந்தால், அது வேலை தேடும் நாளிலும் பிரிவிலும் நோயிலும் துணை நிற்கும். ஆட்டத்திறன் வளர்ந்தால் மகிழ்ச்சி. வளராவிட்டாலும் இந்தப் பயிற்சி வீணில்லை.

நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டம் வென்ற சென்னை இளைஞர் குகேஷ், மனப்பயிற்சியாளர் பேடி அப்டனின் துணையோடு தயாரானார். சாம்பியன்களிடம் தொடங்கும் வழக்கம் கல்லூரிகளுக்கு வர அதிக நாள் ஆகாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்று, ஆட்டத்தில் பின்தங்கினால் படிப்பும் போய்விடுமோ என்ற பயத்தோடு விடுதியில் வாழும் பிள்ளைகள் நம்மிடமும் உண்டு. அமெரிக்கா நூறாண்டு சுற்றி அறிந்ததை நாம் முதல் நாளிலேயே அறிந்துகொண்டு தொடங்கலாம்.

பௌத்த மரபில் இந்தப் பயிற்சி ஒருபோதும் தனித்து நின்றதில்லை. பிறருக்குத் தீங்கு செய்யாத நடத்தையோடு சேர்த்தே அது கற்பிக்கப்பட்டது. கல்லூரிக்குள் வரும்போதும் அந்தத் துணை வேண்டும். உண்மையாக மனவிழிப்பைப் பழகும் மாணவி, தன் களைப்பை மற்ற எவரையும்விட முன்னதாக அறிவாள். அறிந்ததை வாய்விட்டுச் சொல்லவும் துணிவாள். இன்று என்னால் முடியவில்லை என்று அவள் சொல்லும்போது, அணியில் இடமும் உதவித்தொகையும் பறிபோகாமல் அவளை ஓய்வெடுக்க விடும் கல்லூரியே இந்தப் பயிற்சியைக் கற்பிக்கும் தகுதி பெற்றது. அதைச் செய்ய மனமில்லாத கல்லூரி, முதலில் தன் நிர்வாகிகளையும் பயிற்சியாளர்களையும் அந்த வகுப்பில் உட்காரவைக்கட்டும்.